எழுபதாவது நிமிடம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி அடித்துவிட்டால் விசிலிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் வரவில்லை, உன் மாஸ்க் கிழிந்திருக்கிறது என்பது போன்ற அப்பாவிச் செய்திகளைச் சொல்லலாம். அதற்குமேல் ஒரு சொல் கூடாது. அவளுடைய அணி மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும். அவள் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருப்பாள். வீட்டில் டிவிப் பெட்டி தன்பாட்டுக்கு அந்த மேட்ச்சைப் பதிவு செய்துகொண்டிருக்கும். நாலு மணிக்கு வேலை முடிந்து, வீட்டுக்குப் போய், கதவைத் தாழிட்டு, முதலிலிருந்து அவள் பார்த்து முடிக்கும்வரை உலகத்தில் யாருக்குமே அந்த மேட்ச் நடந்திருக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் எங்காவது உண்டா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் அந்த அடித்தளத்தில் உண்டு. பெரிய சர்ஜன் முதல் தரை துடைக்கிறவர் வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

விசில் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து அவள் ஒரு விசில் அடித்தால் மைதானத்தில் ரெஃபரியே திரும்பிப் பார்ப்பார். ஒருமுறை ஆஸ்பத்திரி நடைவழியில் தன்னை மறந்து அடித்துவிட்டாள். இரண்டாவது மாடியில் ஒரு கிழவர் மூன்று நாளாகத் திறக்காத கண்ணைத் திறந்தாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர். வயது முப்பத்தொன்று. அண்ணன், அண்ணி வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். அண்ணன் ஊர் ஊராகப் போகிற வேலைக்காரன். அண்ணி சனிக்கிழமையானால் தன்னுடைய அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். “உன் ஃபுட்பாலோட நீயே குடும்பம் நடத்து” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அவள் வேலை இதுதான்: ஆபரேஷனுக்குப் போய்வந்த கருவிகள் கழுவும் அறையைத் தாண்டி அவள் மேஜைக்கு வரும். இடுக்கி இத்தனை, கத்தரி இத்தனை, கொக்கி இத்தனை என்று பட்டியலோடு சரிபார்த்து, தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் பொட்டலம் கட்டி, மேலே கோடு போட்ட டேப்பை ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற அந்த ராட்சத குக்கருக்குள் தள்ளுவாள். வெந்து வெளியே வரும்போது டேப்பில் வெளிறிக் கிடந்த கோடுகள் கறுத்திருக்க வேண்டும். கறுத்தால் கிருமி செத்தது என்று அர்த்தம். எந்தத் தட்டு எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று நிமிடச் சுத்தமாக நோட்டில் எழுத வேண்டும். யாருடைய வயிற்றுக்குள் போகப் போகிற கத்தரி என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் கை நடுங்கும் என்று மூத்தவர்கள் வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மேட்ச் உள்ள சனிக்கிழமைகளில் அந்தக் கோடு போட்ட டேப்பில் ஒரு சாண் கிழித்து ஷட்டரின் மேல்சட்டத்தில் ஒட்டிவிடுவாள். பொட்டலங்களை வெளியே கொடுக்கிற ஜன்னலுக்கு இருக்கிற தகர ஷட்டர் அது. டேப் ஒட்டியிருந்தால் ஸ்கோரைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரணி ரசிகரான மயக்கமருந்து டாக்டர் ஒருவர் ஒருநாள் வம்புக்கென்றே ஜன்னலில் மூன்று விரலைக் காட்டினார். அடுத்த ஒரு மாதம் அவர் கேட்ட எந்தப் பொட்டலமும் முதல் தடவையில் மேலே போகவில்லை. வரிசைப்படி வரும் சார், வரிசைப்படி வரும் என்பாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேலைக்கான நேர்முகத்துக்கு வந்தவள், மழைக்கு ஒதுங்கப் போய் மைதானத்துக் கேலரியில் உட்கார்ந்தாள். பச்சைச் சட்டை போட்ட அணி அன்றைக்கு நாலு கோல் வாங்கியது. நாலாவது கோல் விழுந்தபோது அதன் கோல்கீப்பர் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு, இன்னும் ஆட்டம் இருக்கிறது என்பதுபோல் நடுக்கோட்டுக்கு ஓடினார். மீதமிருந்தது ஒரே நிமிடம். அந்த ஓட்டத்தில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜெயிக்கிற அணிமேல் யாருக்கும் பாசம் வரும். தோற்கிற அணிமேல் வந்த பாசம் இருக்கிறதே, அது பசை மாதிரி, பிய்த்தால் தோலோடுதான் வரும்.

லிஃப்ட்காரர் இதற்கெல்லாம் நேர் எதிர். ஆஸ்பத்திரி லிஃப்ட்களைப் பழுதுபார்க்கிற மெக்கானிக், முப்பத்தைந்து வயது, அம்மாவோடு தனியாக இருக்கிறார், இருபத்திரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பந்தை ஏன் பங்கிட்டுக்கொள்ள முடியவில்லை என்று நிஜமாகவே புரியாதவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், கருவித் தள்ளுவண்டியோடு விசில் சரக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். நாற்பது நிமிடம். கதவிடுக்கு வழியாக அவர் டார்ச்சை அடித்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டார். “ஒரு உதவி பண்ணுங்க. வெளிய யாராவது ஸ்கோர் பேசினா, கொஞ்சம் சத்தமா சுத்தியலைத் தட்டுங்க” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் மறுபேச்சில்லாமல் நாற்பது நிமிடமும் தட்டினார். கதவு திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். அதோடு சரி, அவர் கதையும் முடிந்தது.

சொன்னதைச் செய்கிற மனிதர். ஆனால் ஒரு குறை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்களே, அது இவரைப் பார்த்துத்தான் சொன்னதுபோல் இருக்கும். எதையும் ஒளிக்கத் தெரியாது. பழக ஆரம்பித்த புதிதில் ஒரு சனிக்கிழமை, வாசல் காவலாளி சொன்ன ஸ்கோரைக் காதில் வாங்கிக்கொண்டு, அவளுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வந்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. முகமே ஒப்பாரி வைத்தது. அவளுக்கு அன்றைய மேட்ச் பாழ். “மேட்ச் நாள்ல உங்க மூஞ்சியை எனக்குக் காட்டாதீங்க. காட்டினா ஷட்டரை இறக்கிடுவேன். இறக்கினா தட்டக் கூடாது” என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு சரி என்றார். அதன் பிறகு சனிக்கிழமை அவருக்கு வார விடுமுறை ஆனதால் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

வேலை வைத்தது அவருடைய அம்மாதான். வைத்தது என்றால் அவர்கள் எதையும் வற்புறுத்தவில்லை. மகன் யாரையோ விரும்புகிறான் என்று தெரிந்ததும், ஒரு நாள் அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வாயேன், பார்க்கிறேன் என்றார்கள், அவ்வளவுதான். அவருக்கு விடுமுறை சனிக்கிழமையில். முதல் சனிக்கிழமை விசில் போகவில்லை. பதிவு செய்த மேட்ச்சைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸில் இருக்கிற எவனாவது ஸ்கோரைச் சொல்லிவிடுவான். இரண்டாவது சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அணிக்குப் பின்னால் ஆறு மணி நேரம் பயணம் செய்து வேறு ஊர் மைதானத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதுதான் அநியாயம். அது கோப்பைக்கும் இல்லை, புள்ளிக்கும் இல்லை, சும்மா ஒரு நட்பு ஆட்டம். புதுசாக வந்த ஒரு பையன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க வேண்டும் என்றாள். பதில் அவர் முகத்தில் இருந்தது. அவள் அந்தத் தடவை முகத்தைப் படிக்க முயற்சி செய்யவில்லை.

சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்க முடியும்? அது அவளுக்கே தெரிந்துதான் இருந்தது. மேட்ச் பார்க்கும்போது அவர் ஞாபகம், அவரோடு உட்கார்ந்திருக்கும்போது புள்ளிப்பட்டியல். எதிலும் முழுசாக இருந்ததில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த வருடக் கடைசி மேட்ச்சுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு அவர் பேசினார். நாளை மறுநாள் ஞாயிறு. அவர் சக ஊழியரிடம் கெஞ்சி விடுமுறையை மாற்றி வாங்கியிருந்தார். அவளுக்கும் அன்று ஓய்வு. மேட்ச்சும் கிடையாது. காலை பத்து மணிக்கு வந்துவிடு என்றார். சனிக்கிழமை மேட்ச்சில் ஜெயித்தால்தான் அணி இந்த டிவிஷனில் தங்கும், சமமானாலும் கீழே இறக்கிவிடுவார்கள் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் இடைமறித்தார்.

“ஜெயிச்சாலும் தோத்தாலும் ஞாயித்துக்கிழமை வருவியா?”

“வருவேன்.”

“இதுவும் தள்ளிப்போச்சுன்னா அம்மா இனிமே கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன். கோவத்துல சொல்லல.”

கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்த வேண்டியதை அன்றைக்கே தேய்த்து மாட்டிவைத்தாள்.

சனிக்கிழமை. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டேப்பை ஒரு சாணுக்குப் பதில் ஒரு முழம் கிழித்து ஒட்டினாள். இரண்டு மணிக்கு மேல் பட்டியலை இரண்டு இரண்டு தடவை எண்ணினாள். மூன்று பத்துக்கு மேலேயிருந்து இன்டர்காமில் அவசரமாக வயிற்று ஆபரேஷன் செட் ஒன்று கேட்டார்கள். தயாராக இருந்த பொட்டலத்தைச் சின்ன லிஃப்டில் வைத்து மேலே அனுப்பினாள். யாருக்கு என்று கேட்கவில்லை; எப்போதும் கேட்பதில்லை. அடுத்த சுமையை ஆட்டோகிளேவில் தள்ளி, கதவை இறுக்கி, நோட்டில் 3.27 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார்.

மாடிப்படியில் ஓடி இறங்கியிருப்பார் போல, மூச்சு வாங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. கண் சிவந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கப் போனார். அடப்பாவி, தோற்றுவிட்டோம் என்று நினைத்தாள். எத்தனை கோல் என்பதையாவது தெரியாமல் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு காதையும் தூக்கிய கைகளின் புஜத்தால் பொத்திக்கொண்டு, பாதி சிரிப்பும் பாதிக் கெஞ்சலுமாகத் தலையை ஆட்டி, ஷட்டரின் கொக்கியைப் பிடித்து இழுத்தாள். அது கடகடவென்று அவர் முகத்துக்கு நேராக இறங்கியது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கிளம்பினாள். போன் காலையிலேயே அணைத்தது அணைத்ததுதான். காதில் பாட்டில்லாத இயர்போன், தலையில் துப்பட்டா, பிரதான சாலையைத் தவிர்த்துச் சலவைக்கடைச் சந்து, ஒர்க்‌ஷாப் சந்து, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் என்று இருபது நிமிட நடை. எந்த டீக்கடை வாசலில் டிவி இருக்கிறது என்பது அவள் கால்களுக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு நடை சரியாக வரவில்லை. செருப்பு இடறிக்கொண்டே இருந்தது. தோற்பதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் சாவு வீடென்று தெரிந்தால் போகாமலா இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடு காலியாக இருந்தது. கதவைத் தாழிட்டாள். கை கழுவினாள். டிவியைப் போட்டாள்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தைப் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் தலையால் தட்டி உள்ளே போட்டார். ஒன்றுக்குச் சுழியம். விசில் எழுந்திருக்கவே இல்லை. கேலரி குதித்துக்கொண்டிருந்தது, அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இனிமேல் விழப்போகிற கோல்களுக்காகக் காத்திருந்தாள். முதல் பாதி முடிந்தது. இடைவேளையைத் தள்ளிவிட்டாள். இரண்டாம் பாதியில் எதிரணி பந்தைத் தொட்டபோதெல்லாம் இதோ, இதோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஐம்பத்தைந்தில் விழவில்லை. அறுபதில் விழவில்லை. அறுபத்து நாலில் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. எப்போது, எப்போதுதான் அந்த முகம் சொன்ன தோல்வி வரப்போகிறது?

எழுபதாவது நிமிடத்தில் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்தது தற்செயல்தான். பன்னிரண்டு வருடமாக நிமிடம் எழுதிப் பழகிய மூளை தானாகக் கணக்குப் போட்டது. ஆட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. முதல் பாதி, கொசுறு நிமிடம், இடைவேளை, இரண்டாம் பாதியில் இதுவரை. மூன்று இருபத்தேழு. அவர் ஜன்னலில் வந்து நின்ற அதே மூன்று இருபத்தேழு. இந்த நிமிடத்தில் அவளுடைய அணி ஒரு கோல் முன்னணியில் இருக்கிறது. இப்போதுவரை ஒரு கோல்கூட வாங்கவில்லை.

அப்படியானால் அந்த முகம் எதற்கு?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன வேலை? யூனிஃபார்ம் போடவில்லை. தோளில் கருவிப் பை இல்லை. வீட்டில் போடுகிற, கழுத்து நைந்துபோன பனியன்தான் உடம்பில் இருந்தது. அந்த மனிதர் அதோடு தெருமுனைக்குக்கூட வர மாட்டார். வயிற்று ஆபரேஷன் செட், அவசரம், மூன்று பத்து. போன் கட்டிலில் கிடந்தது. எடுத்தாள். விரல் பட்டனின் மேல் போய் நின்றது.

இந்த இடத்தில் அவளுக்காகப் பரிந்து பேச எனக்கும் ஆசைதான். பேச முடியாது. அவள் பட்டனை அழுத்தவில்லை.

ஏதாவது சின்ன விஷயமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பெரிதாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டாள். இன்னும் இருபது நிமிடம்; பன்னிரண்டு வருடத்தில் இதுபோல ஒரு இருபது நிமிடம் வந்ததில்லை; போனைப் போட்டால் ஸ்கோரும் சேர்ந்து வந்து விழும் என்று சொல்லிக்கொண்டாள். மனத்துக்கு வேண்டியதைச் செய்துகொண்டே அதற்கு நியாயமும் கற்பிக்க மனிதப் பிறவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கண் திரையில், ஒரு கண் கையில் இருந்த போனில். உட்கார முடியவில்லை. எழுந்து சுவரோரம் நின்றாள். சுவரோரமும் நிற்க முடியவில்லை. எண்பத்து நாலாவது நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் வலதுபக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். அவள் வாயில் வைத்த இரண்டு விரலும் வைத்தபடி இருந்தன, காற்று வரவில்லை.

ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குச் சுழியம். பச்சைச் சட்டைக்காரர்கள் புல்லில் விழுந்து அழுதார்கள். இப்படி ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். அது வந்து எதிரில் நின்றபோது, திரையை அணைத்துவிட்டுப் போனைப் போட்டாள்.

அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி, மூன்று பத்தொன்பதுக்கு அனுப்பியது. அம்மாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டுமாம், உள்ளே போவதற்குள் உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார்கள், கீழே வருகிறேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அழைப்பும் இல்லை, செய்தியும் இல்லை.

அவள் எப்படி ஆட்டோ பிடித்தாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆட்டோ டிரைவர் பச்சைக்கொடி ஒன்றைக் கண்ணாடியில் கட்டிவைத்திருந்தார். ஜெயித்துவிட்டோம், தெரியுமா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் காதைப் பொத்தவில்லை.

மூன்றாவது மாடியில், ஆபரேஷன் முடிந்தவர்களை வைக்கிற அறைக்கு வெளியே, பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே பனியன். அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு ஆள் இடம் இருந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார்கள் என்று அவரே சொன்னார். அரை அடி குடலை எடுத்துவிட்டார்களாம். இப்போது விழிப்பு வந்திருக்கிறதாம். உள்ளே போகும்போது அந்தப் பெண் எங்கே என்று கேட்டார்களாம். வேலையை விட்டு வர முடியவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். மூன்று சனிக்கிழமையும் அம்மாவிடம் அதையேதான் சொல்லியிருந்தாராம். ஃபுட்பால் என்று ஒன்று நடுவில் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது.

“ஷட்டரைத் தட்டியிருக்கலாமே” என்றாள்.

“தட்டக் கூடாதுன்னு நீதானே சொன்ன.”

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “தெரியாமத்தானே இறக்கின. உன் மேல தப்பில்ல. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி டாக்டர் கதவைத் திறந்துட்டு வந்தார். அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள எனக்குக் கால் ரெண்டும் போச்சு. அப்போ மட்டும் பக்கத்துல யாராவது இருந்தா தேவலைன்னு இருந்துச்சு.”

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். கோல்கீப்பர் பாய்ந்துகொண்டிருந்த நேரம். எழுபதாவது நிமிடத்தில் கிளம்பியிருந்தால் அந்தக் கதவு திறக்கும்போது அவள் இந்தப் பெஞ்சில் இருந்திருப்பாள்.

அந்த இருபது நிமிடம் யாருக்கும் தெரியாது. வீட்டில் ஆள் இல்லை. அவரோ மன்னித்தும் விட்டார். தெரியாமத்தானே என்று அவர் கொடுத்ததை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனால் ஆயுசு முழுக்க யாரும் அவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை. அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். நிற்கவில்லை.

“எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு” என்றாள்.

அவர் முதல்தடவையாகத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க வந்த நேரத்துக்கு நாங்க முன்னாடி இருந்தோம். தோக்கல. அது எழுபதாவது நிமிஷத்துலயே புரிஞ்சுபோச்சு. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சும் போனைப் போடல. முழு மேட்ச்சும் பாத்து முடிச்சிட்டுத்தான் வந்தேன்.”

நடைவழியில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதையும் ஒளிக்கத் தெரியாத அந்த முகத்தில் அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமே படிக்கக் கிடைக்கவில்லை.

“ஜெயிச்சீங்களா?” என்றார்.

“ஜெயிச்சோம்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தரையைப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போ என்று சொன்னால் போகலாம். அவர் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து, அம்மா பேசுகிறார்கள், சொந்தக்காரர்களில் ஒருவர் மட்டும் ஐந்து நிமிடம் உள்ளே வரலாம் என்றாள். அவர் எழுந்தார். நர்ஸுக்கு விசிலைத் தெரியும். அடித்தளத்து ஆள் இங்கே என்ன செய்கிறாள் என்ற கேள்வியோடு பார்த்தாள். அவர் கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

“அம்மா பாக்கணும்னு சொன்னது இவங்களைத்தான். இவங்களை உள்ள விடுங்க” என்றார்.

சொல்லிவிட்டு, அவளுக்கு வழிவிட்டு, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவளைப் பார்க்கவில்லை. இவங்க என்று அவர் அவளை ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மரியாதை அவளுக்கு அடி விழுந்ததுபோல் இருந்தது. நர்ஸ் கொடுத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா சின்ன உருவம். கட்டிலில் பாதிகூட நிறையவில்லை. மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். கண்ணைத் திறந்து, இவள்தானா என்பதுபோல நிதானமாகப் பார்த்தார்கள். பிறகு, காய்ந்துபோன உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்கள்.

“வேலை முடிஞ்சுதாம்மா?”

இப்போதான் முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே உட்கார்ந்திருப்பவர் நாலு தடவை சொன்ன பொய்க்கு அது ஐந்தாவதாகப் பொருந்திப்போகும். அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

“நாலு மணிக்கே முடிஞ்சுதும்மா” என்றாள்.

எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. அம்மா கண்ணைத் திருப்பி அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் அவள் பக்கம் திரும்பி, மீதியையும் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.